காணாமல் போன ஐரோப்பிய வானம்

அத்தியாயம் ஏழு

மனித குலம் கையிலுள்ள வேலைகளைச் சற்றே நிறுத்திவிட்டு, முடிந்தால் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. அந்தச் சனிக்கிழமை காலை, இத்தாலியின் பலெர்மோ நகரை ஒட்டிய மொண்டெல்லோ கடற்கரையிலுள்ள ஹோட்டல் சிரேனாவின் மேல்மாடி நடையில் வைத்து, ஐரோப்பியக் கண்டத்தின் வானம் திருடப்பட்டது. முழு வானமும். போர்த்துக்கல்லிலிருந்து பின்லாந்து வரை. தள்ளுவண்டியோடு.

வானம் என்றால் கேக்.

உள்ளே ஆட்டுப்பால் றிக்கொற்றாப் பாற்கட்டி. வெளியே சுற்றிவர பச்சை நிறப் பாதாம் மாப்பூச்சு. மேலே ஐரோப்பாவின் வரைபடம். அதில் சியாகுல்லி ஊர் மண்டரின் தோடம்பழத் தோலைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் செய்த தலைநகரங்கள். அவற்றுக்கிடையே வெள்ளைச் சீனிக்கோட்டில் விமானப் பாதைகள். பலெர்மோவில் இந்தப் பண்டத்துக்குக் கஸ்ஸாத்தா என்று பெயர். ஹோட்டலில் கூடியிருந்த மாநாட்டில் அதற்கு ‘ஒன்றிணைந்த ஐரோப்பிய வானத்தின் குறியீட்டு வடிவம்’ என்று பெயர். பெயர் நீளமாக இருந்தால் தொலைவதற்கும் வசதி.

பயணிகள் விமானங்களை நடத்தும் சிவில் அதிகாரிகளும், போர் விமானங்களை நடத்தும் இராணுவ அதிகாரிகளும் ஒரே வானத்தை எப்படிச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்வது என்பதே மாநாட்டின் பொருள். மாலை மூன்று மணிக்கு இரு தரப்புத் தலைவர்களும் ஒரே கத்தியைப் பிடித்துக் கஸ்ஸாத்தாவை வெட்டுவார்கள், பத்திரிகைக்காரர் படம் எடுப்பார்கள், ஒற்றுமை நிலைநாட்டப்படும். மூன்று மணிக்குள் கேக் வராவிட்டால், அதைக் கடைசியாகத் தள்ளிவந்த, சமையலறையில் வேலைசெய்யும் தமிழ்ப் பெண் புனிதமலரை வேலையிலிருந்து நிறுத்துவதாக ஹோட்டல் மேலாளர் பெல்லாவியா சொல்லிவிட்டார்.

எனவேதான் துப்பறிவாளர் ஸ்ரனிஸ்லாஸ் வரவழைக்கப்பட்டார். நகரின் பொலிதேயாமாப் பகுதியில் கடவுச்சீட்டுப் படம் எடுக்கும் கடை நடத்தும் இவரைத் துப்பறிவாளர் என்று அழைப்பவர் இவர் ஒருவர்தான். ஆனால் மிகுந்த உறுதியோடு அழைப்பார். சென்ற அத்தியாயம் வரை ஒரு பூனையைத் தேடிக்கொண்டிருந்தார். பூனை, அவருடைய முயற்சிகளையும் மீறி, தானாகவே வீடு திரும்பிவிட்டது.

கூடவே அவருடைய மனைவியின் தங்கை மொனிகா வந்திருந்தாள். பலெர்மோவில் பிறந்தவள். ஸ்கூட்டர் அவளுடையது என்பதால், உதவியாளர் பதவியிலிருந்து அவளை நீக்க முடியாது.

சமையலறைக்குப் பின்னால் விசாரணை தொடங்கியது.

“அக்கா, நடந்ததை முதலிலையிருந்து சொல்லுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ,” என்றார் ஸ்ரனிஸ்லாஸ், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

“அத்தான், கண்ணாடியைக் கழட்டுங்கோ,” என்றாள் மொனிகா. “நீங்கள் ஃபிரிட்ஜைப் பாத்து அக்கா எண்டுறியள்.”

ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றாமல் உடம்பை மட்டும் திருப்பினார். கௌரவம் ஓரளவு காப்பாற்றப்பட்டது.

புனிதமலர் ஏற்கெனவே காய்ந்திருந்த தட்டொன்றை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். “நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மேல்மாடி நடையிலை நிப்பாட்டினன் தம்பி. அந்த நேரம் பாத்து எங்கடை கோயில் பொடியன் றெஜி, பின்னேரம் கோயில் பெருநாளுக்கு இரவல் கதிரை ஏத்த வந்திட்டான். கீழை போய் எந்தக் கதிரையெண்டு காட்டிப்போட்டு வாறன், வண்டியுமில்லை, கேக்குமில்லை. இப்ப இந்த மேனேஜர் மனுசன் சொல்லுறார், கதிரையோடை சேத்துக் கேக்கையும் ஏத்திப்போட்டமாம். பலெர்மோவைக் காக்கிற சந்தா றொசாலியா மேலை ஆணை, கதிரை மட்டும்தான் போனது.”

“றெஜியின்ரை வாகனத்தைத் தேடிப் பாத்திச்சினமே?”

“சீற்றைக் கூடக் கழட்டிப் பாத்திச்சினம். அவன்ரை ஒரு பழைய சப்பாத்துத்தான் வந்தது. போன வருசம் துலைஞ்சதாம். அவனுக்குச் சந்தோசம்.” புனிதமலரின் குரல் இறங்கியது. “திங்கக்கிழமை குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை பெர்மெஸ்ஸோ விசாப் புதுப்பிக்க நாள் தந்திருக்கு தம்பி. வேலை இல்லையெண்டு அங்கை போய் நிண்டால் என்ன சொல்லுவாங்கள்?”

மொனிகா இதற்குப் பகிடி விடவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் நெஞ்சில் கைவைத்தார்.

“அக்கா, மூண்டு மணிக்கு முதல் வானம் உங்கடை கையிலை.”

“எனக்கு வானம் வேண்டாம் ராசா. வேலை காணும்.”

மேல்மாடி நடையில் தடித்த சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் முழந்தாளிட்டு, படக்கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியால் கம்பளத்தை ஆராய்ந்தார். அதைக் கறுப்புக் கண்ணாடிக்கு மேலே பிடித்திருந்ததால், பெரிதாகத் தெரிந்தது இருட்டு மட்டுமே.

“அத்தான், உங்கடை முழங்காலுக்குக் கீழை ஏதோ மினுங்குது.”

கம்பளத்தின் ஓரத்தில், அவருடைய முழங்காலடியில், செம்மஞ்சள் நிறத்தில் சீனியூறிய மண்டரின் தோல் துண்டு ஒன்று கிடந்தது. கஸ்ஸாத்தாவிலிருந்து உதிர்ந்த ஏதோ ஒரு தலைநகரம்.

“வண்டி இந்தப் பக்கமாய்த்தான் போயிருக்கு!” என்று முழங்கினார் ஸ்ரனிஸ்லாஸ். “இதுதான் முக்கியமான தடயம். பத்திரமாய் வை மொனிகா.”

திரும்பிப் பார்த்தார். மொனிகாவின் கன்னம் அசைந்துகொண்டிருந்தது.

“தடயத்தைத் திண்டிட்டியோ?”

“ருசி பாத்துத்தானே உறுதிப்படுத்த வேணும். மண்டரின்தான் அத்தான். சந்தேகமே இல்லை.”

தடயம் கிடந்த பக்கம் நடை குறுகி, அறைகளுக்குப் போனது. எல்லா அறைகளையும் பெல்லாவியா ஏற்கெனவே திறந்து, கட்டிலுக்கடியிலும் குளியல் தொட்டியிலும் தேடிவிட்டிருந்தார். ஓர் அறையைத் தவிர. அதன் கைப்பிடியில் பச்சை அட்டை ஒன்று தொங்கியது: ‘ஒதுக்கப்பட்டது. இராணுவப் பயன்பாடு.’

நடையின் முடிவில் ‘சிவில்-இராணுவ ஒருங்கிணைப்பு மேசை’ இருந்தது. மேசை ஒன்று. கதிரைகள் இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டியபடி. ஒன்றில் சிவில் தரப்புத் தலைவர், பட்டதாரி என்பதால் ‘தொத்தோர்’ எனப்படும் வெர்ஸெல்லி, மிலானோவிலிருந்து வந்தவர். கழுத்தில் வெள்ளை நாடா. நாடாவின் நுனி சட்டைப் பைக்குள் பத்திரமாகச் செருகியிருந்தது. மற்றதில் இராணுவத் தலைவர் கேணல் கன்ஜெமி, பலெர்மோக்காரர். கழுத்தில் பச்சை நாடா; அதன் நுனியில், பச்சை அடையாள அட்டையிலிருந்த அவருடைய புகைப்படம், அவரைவிடக் கம்பீரமாகத் தொங்கியது.

தொத்தோர் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார். அவருடைய முதுகுக்குப் பின்னால் கேணலின் தொலைபேசி அடித்தது.

“கேணல், உங்கள் பேனா என் பக்கம் விழுந்திருக்கிறது.”

“தகவலுக்கு நன்றி. ஒருங்கிணைத்துவிட்டுச் சொல்கிறேன்.”

ஸ்ரனிஸ்லாஸ் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பூட்டிய அறையைப் பற்றி இத்தாலிய மொழியில் விசாரித்தார். தொத்தோர் எழுந்து நின்றார். விளக்கம் சொல்லப் போகிற மனிதர் எழுந்து நின்றால் தப்ப வழியில்லை.

“ஒரு காலத்தில் வானம் பிளவுபட்டுக் கிடந்தது. இது எங்களுடையது, அது அவர்களுடையது என்று. இன்று வானம் ஒன்றே! யாருக்குத் தேவையோ அவர் ஒரு துண்டைத் தேவையான நேரத்துக்கு ஒதுக்கி எடுக்கலாம். போர் விமானங்கள் பயிற்சி செய்தால் பயணிகள் விமானங்கள் சுற்றிப் போகும். பயிற்சி முடிந்ததும் துண்டைத் திருப்பித் தர வேண்டும். உலகுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று, இந்த ஹோட்டல் அறைகளையும் அதே முறையில்தான் பங்கிட்டிருக்கிறோம். வெள்ளை அட்டை சிவில். பச்சை அட்டை இராணுவம்.”

“திருப்பித் தராவிட்டால்?” என்று கேட்டாள் மொனிகா.

“சுற்றிப் போய்க்கொண்டே இருப்போம்.”

“உள்ளே ஒருவரும் இல்லாவிட்டாலும்?”

“உள்ளே ஒருவரும் இல்லை என்பது, திருப்பித் தந்தால்தானே தெரியும்?”

மொனிகா அத்தானைப் பார்த்தாள். அத்தான் மிக ஆழமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த அறை காலையில் சிவில் தரப்பிடம் இருந்தது,” என்றார் கேணல், சுவரைப் பார்த்தபடி. “கோப்பி இடைவேளையிலிருந்து எங்களிடம். சாவி என்னிடம். உள்ளே நடப்பதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.”

“ஒருவரும் உள்ளே போகவே முடியாதா?” என்றாள் மொனிகா.

“ஆபத்தில் சிக்கியவர் தவிர.” கேணல் இப்போது திரும்பினார், அவர் குரலில் முதன்முறையாக மனிதன் தெரிந்தான். “ஒரு விமானம் அவசரம் என்று குரல் கொடுத்தால், எந்த ஒதுக்கீடும் செல்லாது. நாங்கள் அத்தனை பேரும் விலகி வழிவிடுவோம். அதில் நாங்கள் விட்டுக்கொடுத்ததே இல்லை, சிஞ்ஞோரினா.”

சிந்திப்பதற்காக ஸ்ரனிஸ்லாஸ் கீழே முற்றத்துக்கு இறங்கினார். அவருக்கு நடந்துகொண்டே சிந்திக்க வராது. நின்றால் மொனிகா பேசுவாள். இரண்டையும் சமாளிக்கப் பூச்சட்டிகளைச் சுற்றி மெதுவாக நடந்தார்.

“மொனிகா, நாங்கள் பலெர்மோவுக்கு வந்த புதுசிலை ஒரு வீட்டிலை மூண்டு குடும்பம் இருந்தனாங்கள். ஒரே ஒரு குளியலறை. விடியப்பறம் ஆரோ ஒரு ஆள் எழும்பித் துவாயைக் கதவிலை தொங்கவிடும். துவாய் தொங்கினால் உள்ளுக்கு ஆள். மற்றவையெல்லாம் வரிசையிலை நிப்பினம். பாத்தால், துவாய் போட்ட ஆள் திரும்பப் போய்ப் படுத்திருக்கும்! உள்ளுக்கு ஒரு குருவியும் இல்லை!”

“அது ஆரெண்டு கண்டுபிடிச்சாச்சோ?”

“இல்லை. அது கடைசி வரைக்கும் துலங்காத மர்மம்.”

“நீங்கள்தானாம் அத்தான். என்ரை அக்கா கலியாணமான கிழமையே கண்டுபிடிச்சவ.”

ஸ்ரனிஸ்லாஸ் இந்தச் சாட்சியத்தைப் பதிவுசெய்யாமல் விட்டார். “நான் சொல்ல வந்தது, அந்தப் பச்சை அட்டை ஒரு துவாய். கேணல் போட்டிட்டுப் போயிட்டார். உள்ளுக்கு ஆளில்லை.”

“ஆளில்லை எண்டு எப்பிடி நிரூபிக்கிறது?”

அப்போது மொனிகாவின் உச்சந்தலையில் ஒரு துளி நீர் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். வானம், அதாவது உண்மையான வானம், மொண்டெல்லோவுக்கே உரிய வெட்கமில்லாத நீலத்தில் இருந்தது. துளி விழுந்தது மேலேயிருந்த குளிரூட்டிப் பெட்டியிலிருந்து. பச்சை அட்டை தொங்கிய அதே அறையின் பெட்டி. சுவரில் மற்றப் பெட்டிகளெல்லாம் காய்ந்து கிடக்க, இது மட்டும் வடிந்துகொண்டிருந்தது.

“ஏசி ஓடுது!” என்றார் ஸ்ரனிஸ்லாஸ், சோர்ந்துபோய். “அப்ப உள்ளுக்கு ஆள் இருக்கு. என்ரை துவாய்க் கதை பிழைச்சுப் போச்சு.”

“பொறுங்கோ, பொறுங்கோ. நான் ஒரு கோடை முழுக்க இஞ்சை அறை துடைச்சனான். கதவடிச் சுவரிலை ஒரு துவாரம் இருக்கு. அதுக்குள்ளை அட்டை வைச்சாத்தான் லைற்றும் ஏசியும் வேலை செய்யும். எந்த அட்டையும் சரி. நான் சுப்பர்மார்க்கற் அட்டையை வைச்சிட்டுத்தான் துடைக்கிறனான். ஆரோ ஒரு அட்டையை உள்ளுக்கு விட்டிட்டு வந்திருக்கினம். ஏசி ஆளுக்காக ஓடேல்லை அத்தான். வேறை ஏதோ ஒண்டு உருகாமல் இருக்கோணும்.”

ஸ்ரனிஸ்லாஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அன்று முதல் தடவையாக அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அதில் பாதி கண்ணாடியைக் கழற்றியதால். மீதிப் பாதி உண்மையான துப்பு. அவருடைய நினைவில் ஒரு நாடா ஆடியது.

“வா,” என்றார். “இனிக் கதவு திறக்கிறதுதான் பாக்கி. நான் கேணலுக்கு முன்னாலை ஒரு உரை ஆற்றப்போறன். ஜனநாயகத்திலை தொடங்கி—”

“எவ்வளவு நேரம் பேசுவியள்?”

“சுருக்கமாய். ஒரு மணித்தியாலம்.”

“மூண்டாகப் போகுது அத்தான். நீங்கள் ஜனநாயகத்தைப் பிறகு பேசுங்கோ.”

மேலே மேசைக்கு முன்னால் இப்போது பெல்லாவியாவும் நின்றார். புனிதமலர் வேலை மேலங்கியைக் கழற்றி மடித்து, கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். மேலங்கியை ஒப்படைத்தால் கதை முடிந்தது. பெல்லாவியா கையை நீட்டியும்விட்டார்.

“கேணல்!” என்று அலறினாள் மொனிகா. “அவசரம்! அவசரம்! அவசரம்!”

வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கம்பளத்தில் வளைந்து நெளிந்து வந்தாள். “பொதுக் கழிவறையில் உங்கள் பிரதிநிதிகள் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்! என்னால் இனிச் சுற்றிப் போக முடியாது! எரிபொருள் தாங்காது, கேணல்! இப்போதே இறங்க வேண்டும்!”

கேணல் கன்ஜெமி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கதிரை பின்னால் விழ எழுந்தார். அந்தக் கதிரை தொத்தோரின் கதிரையை இடித்தது. இரு தரப்புக்குமிடையே அன்று நடந்த முதல் நேரடித் தொடர்பு அதுதான்.

“வழிவிடுங்கள்! எல்லோரும் ஒதுங்குங்கள்! அவசர இறக்கம்!”

“வேண்டாம்!” என்று கத்தினார் தொத்தோர் வெர்ஸெல்லி. “அது இராணுவ ஒதுக்கீடு! அதை மதிக்க வேண்டும்!”

சிவில் தரப்பு இராணுவ ஒதுக்கீட்டுக்காக இவ்வளவு உருக்கமாகப் போராடியதை அந்த மாநாடு அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் கேணல் சாவியைத் திருப்பிவிட்டார். கதவு திறந்தது. உள்ளேயிருந்து தைமாதத்துக் குளிர் வந்து எல்லோர் முகத்திலும் அடித்தது.

கட்டில் கலையாமல் இருந்தது. சன்னலோரம், தள்ளுவண்டியின் மேல், ஒரு தலைநகரம் குறைந்தபடி, ஐரோப்பிய வானம் பச்சைப் பசேலென்று நின்றது.

“அலோரா, நல்லது,” என்றாள் மொனிகா, நிமிர்ந்து. “என் அவசரம் தீர்ந்துவிட்டது.”

பெல்லாவியா கேணலைப் பார்த்தார். எல்லோரும் கேணலைப் பார்த்தார்கள். கேணலின் முகம், காது, கழுத்து என்று சிவப்பு ஒழுங்காகக் கீழிறங்கியது.

“இராணுவமா?” என்றார் பெல்லாவியா. “இராணுவமா என் கஸ்ஸாத்தாவை…?”

“நான் இந்த அறைக்குள் காலே வைக்கவில்லை!”

“பின் எதற்கு ஒதுக்கினீர்கள்?”

கேணல் தொண்டையைச் செருமினார். “மத்தியானம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் சாயலாம் என்று. நேரம் கிடைக்கவில்லை.”

“துவாய்!” என்றார் ஸ்ரனிஸ்லாஸ் வெற்றியோடு. ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் கதவடிக்குப் போய், சுவரிலிருந்த துவாரத்தைச் சுட்டிக்காட்டினார். “கேணலின் அட்டை கேணலின் நெஞ்சில் தொங்குகிறது. பச்சை அட்டை. ஆனால் இங்கே குளிரூட்டியை ஓட்டிக்கொண்டிருப்பது எந்த நிறம், பாருங்கள்.”

இரண்டு விரலால் அட்டையை வெளியே இழுத்தார். குளிரூட்டி நின்றது. வெள்ளை அட்டை. அதில் தொத்தோர் வெர்ஸெல்லி, மாநாட்டுக்கென்றே எடுத்த புன்னகையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

“தொத்தோரே, உங்கள் சட்டைப் பைக்குள் இருக்கும் நாடாவை வெளியே எடுப்பீர்களா?”

நாடா வந்தது. நுனியில் வெறும் கொக்கி.

தொத்தோர் கட்டிலில் அமர்ந்தார். “பாருங்கள் அதை!” என்று கேக்கை நோக்கிக் கை நீட்டினார். “வெள்ளை என்றால் சிவில், பச்சை என்றால் இராணுவம். இரண்டு நாளாக எல்லா வரைபடங்களிலும் அதைத்தான் காட்டினேன். அந்தப் பேக்கரிக்காரன் என்ன செய்தான்? ஐரோப்பா முழுவதையும் பச்சையாக்கிவிட்டான்! எங்களுக்கு மிஞ்சியது சீனிக்கோடு மட்டும். நான் அதைக் கத்தியால் வெட்டுகிற படம் நாளை பத்திரிகையில் வந்தால்? காலையில் அறை எங்களிடம் இருந்தது. நடையில் ஒருவரும் இல்லை. தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் பச்சையைச் சுரண்டி வெள்ளை பூசலாம் என்று நினைத்தேன். அதற்குள் அறை இராணுவத்திடம் போய்விட்டது.”

“என்னிடம் கேட்டிருக்கலாமே?” என்றார் கேணல்.

“கேட்டேன்! அறை பயன்பாட்டில் இருக்கிறது என்றீர்கள்!”

“நீங்கள் கேட்டதால்தான் அப்படிச் சொன்னேன்!”

பிறகு கேணல் கஸ்ஸாத்தாவைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

“தொத்தோரே, இது கஸ்ஸாத்தா. கஸ்ஸாத்தா பச்சையாகத்தான் இருக்கும். சிறுவயதில் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கியபோது பச்சை. என் கலியாணத்துக்குப் பச்சை. பலெர்மோவில் இதைப் பார்த்து இராணுவம் என்று நினைத்த முதல் மனிதர் நீங்கள்தான்.”

பெல்லாவியா புனிதமலர் பக்கம் திரும்பி, தம் நிறுவனத்தின் ஆழ்ந்த வருத்தம், இத்தாலியக் குடியரசின் விருந்தோம்பல், இரு நாட்டு மக்களின் பழமையான நட்பு ஆகியவற்றைத் தொட்டு நீண்ட மன்னிப்பொன்று தொடங்கினார். புனிதமலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மொனிகாவிடம் திரும்பினார்.

“இவர் என்ன பிள்ளை சொல்லுறார்? வேலை இருக்கோ இல்லையோ?”

மொனிகா கேட்டாள். பெல்லாவியா உரையை நடுவில் நிறுத்தி, இருக்கிறது என்றார். திங்கட்கிழமை குவெஸ்தூராவில் காட்ட வேலைக் கடிதம் ஒன்றைத் தானே ஒப்பமிட்டுத் தருவதாகவும் சொன்னார்.

“ஓம் எண்டுறார் அக்கா.”

புனிதமலர் மடித்த மேலங்கியை விரித்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு, கத்தியின் பிடியில் எந்தத் தரப்பின் கை மேலே இருக்க வேண்டும் என்பது குறித்துச் சிறிது ஒருங்கிணைப்புத் தேவைப்பட்டது. அது முடிந்தபின், பலத்த கரகோஷத்துக்கிடையே, இரண்டு கைகள் பற்றிய ஒரே கத்தியால் ஐரோப்பிய வானம் பிரிக்கப்பட்டது. மிலானோக்காரர் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். துப்பறிவாளர் ஸ்ரனிஸ்லாஸ் கறுப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு பத்திரிகைப் படத்துக்காகக் கம்பீரமாக நின்றார். நின்றது தூணுக்குப் பின்னால் என்பதை மொனிகா பிறகுதான் சொன்னாள். கண்டத்தின் ஆகாயத்தில் பரஸ்பர நம்பிக்கையின் புதிய யுகம் பிறந்துவிட்டதாகவும், வரும் தலைமுறைகள் மொண்டெல்லோவை நன்றியோடு நினைவுகூரும் என்றும் ஒலிபெருக்கி அறிவித்தது.

தட்டுகளைப் புனிதமலர் கழுவினார்.